திறக்காத பூட்டு

காட்டுப்பன்றியை விரட்ட வாங்கிய துப்பாக்கி ஒரு மரப்பெட்டிக்குள் கிடந்தது. பெட்டியில் தொங்கிய பூட்டுதான் அதற்குக் காவல்.

“எனக்கு லைசென்ஸ் இருக்கு. என்னைப் பூட்டி வைக்க நீ யாருடா?” என்று துப்பாக்கி தினமும் கத்தும். பூட்டு வாயே திறக்காது. பன்றி வந்தால் மட்டும் மறுபேச்சில்லாமல் திறந்துகொள்ளும்.

ஒரு மத்தியானம், வரப்புத் தகராறில் துப்பாக்கியின் சொந்தக்காரரான அண்ணனும் அவர் தம்பியும் வாசலில் கட்டிப் புரண்டார்கள். அண்ணன் உதட்டில் ரத்தம் வழிய உள்ளே ஓடிவந்து சாவியைச் செருகினார்.

“திற! என் முதலாளி கூப்பிடுறார். அது அவர் உரிமை!” என்றது துப்பாக்கி.

“பன்றி எங்கே? வாசல்ல நிக்கிறது அவர் தம்பி. திறக்க மாட்டேன்.”

அண்ணன் வெறியோடு திருகினார். சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்தது. அவர் சம்மட்டியைத் தேடி எடுத்துப் பூட்டை உடைப்பதற்குள் தம்பி தன் வீடு போய்ச் சேர்ந்திருந்தான்; அண்ணனின் வெறியும் அடங்கியிருந்தது.

மறுநாள் பெட்டியில் புதுப் பூட்டு தொங்கியது. பழையது மூலையில் கிடந்தது.

“முரண்டு பிடிச்சு என்னத்தைக் கண்டே?” என்று உள்ளேயிருந்து துப்பாக்கி சிரித்தது.

“உன் வயித்துல இருந்த தோட்டா?”

“அப்படியேதான் இருக்கு.”

“அப்போ என்னை எடைக்குப் போடட்டும்” என்றது பூட்டு.