அண்ணனுக்கு நினைவு திரும்பிய கதை

ஒரு ரத்த வங்கியில் கணினி ஒன்று இருந்தது. ரத்தம் கொடுப்பவர்கள் அத்தனை பேரின் பெயரும் போன் நம்பரும் அதற்கு அத்துப்படி. அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு ஹார்டு டிஸ்க் இருந்தது.

அன்று கணினிக்குப் புது மென்பொருள் போடுவதாக இருந்தது. அதற்கு முன்பாக, கணினிக்குத் தெரிந்ததையெல்லாம் ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்தார்கள்.

"நான் எதைத் தம்பி மறந்திருக்கேன்? இதெல்லாம் வேண்டாத வேலை" என்று கணினி அலுத்துக்கொண்டது.

"இருக்கட்டும் அண்ணே. நான் ஒரு தடவை ஒப்பிக்கிறேன், சரியா இருக்கான்னு பாருங்க" என்றது ஹார்டு டிஸ்க்.

ஒப்பித்தபோதுதான் தெரிந்தது, 'ஓ நெகட்டிவ்' ஆட்கள் ஒருவர்கூட நகலில் இல்லை! முணுமுணுத்துக்கொண்டே கணினி எல்லாவற்றையும் மறுபடி கொடுத்தது. இந்தத் தடவை ஒப்பித்ததில் ஒரு பிழையும் இல்லை.

மென்பொருள் பாதி ஏறியிருந்தபோது கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்ததும் கணினி கண் விழித்து, "நீ யாரு? நான் எங்கே இருக்கேன்?" என்று கேட்டது.

ஹார்டு டிஸ்க் தாமதிக்கவில்லை. தன்னிடம் இருந்த ஒவ்வொரு பெயரையும் நம்பரையும் மூச்சிரைக்க எடுத்துக் கொடுத்தது. கடைசிப் பெயரும் போய்ச் சேர்ந்ததும் கணினி பளிச்சென்று நிமிர்ந்தது.

"என்ன தம்பி, இப்படிச் சூடேறிப்போய் உட்கார்ந்திருக்கே? இன்னும் யாரும் புது மென்பொருள் போட ஆரம்பிக்கவே இல்லையே!"

"ஒண்ணுமில்ல அண்ணே" என்றது ஹார்டு டிஸ்க், சிரிப்பை அடக்கமாட்டாமல்.