அவசரமில்லாத பாடம்

"மெல்லச் சொல்லிக் குடுங்கோ பிள்ளை. அவசரமில்லை," என்றார் கலாதேவி, தேநீர்த் தட்டை மேசையில் வைத்தபடி.

நிருஷாவுக்கு இதுதான் புரியவில்லை. ஜேர்மனியின் எசன் நகரில் அவள் தனிப்பாடம் எடுக்கும் மற்ற வீடுகளில் பெற்றோர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்பார்கள். இங்கே, அவளை ஏற்பாடு செய்த தந்தை குணசேகரமாவது "எப்ப விளங்கும்?" என்று கேட்பார். தாய் கலாதேவிக்கோ மகள் சீக்கிரம் படித்துவிடுவாளோ என்று பயம்.

மகள் கம்சனா மழைக்கோட்டைக் கழற்றாமலே இருந்தாள். வெளியே நல்ல வெயில். ஆனாலும் அவள் உட்காரும் கதிரை மெத்தை எப்போதும் ஈரம்தான்.

"குளிருதா?"

"பழகீட்டுது அக்கா. இந்தக் கணக்கை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"வகுப்பிலை ஏன் கேக்கேல்லை?"

"எல்லாரும் திரும்பிப் பாத்துச் சிரிப்பினம். இஞ்சை நீங்கள் மட்டுந்தானே."

பாவமாக இருந்தது. நிருஷா முதலிலிருந்து தொடங்கினாள். பசியில், பக்கத்தில் இருந்த ரோல்ஸுக்குக் கையை நீட்டினாள்.

"ஐயோ, அது அவளுக்கு வைச்சது!" கலாதேவி பதறினார். "நீங்கள் இதை எடுங்கோ."

கம்சனா தன் தட்டைத் தொடவேயில்லை. நிருஷா எழுத எழுத, அடுத்த வரியை அவளே சொன்னாள். சரி. அதற்கு அடுத்ததும் சரி. கடைசி விடையும் சரி.

"விளங்கீட்டுது அக்கா!" அந்தச் சிரிப்பைப் பார்த்து நிருஷாவுக்கே கண் கலங்கியது. "அப்ப நான் போறன்."

"போறன் எண்டு சொல்லக்கூடாது. போட்டு வாறன் எண்டு சொல்லு," என்றாள் நிருஷா.

கம்சனா கதவைத் தாண்டிப் போனாள்.

கலாதேவி ஓடி வந்து கதிரை மெத்தையைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"அவசரமில்லை எண்டு சொன்னனான்தானே!" மெத்தையைக் கட்டிக்கொண்டு அழுதார்.

நிருஷா திகைத்து நின்றாள். கதவடியில் குணசேகரம் இரண்டு கைகளையும் கூப்பியபடி நின்றார்.

"போன வருசம் கணக்குச் சோதினை எழுத எண்டு மழையிலை சைக்கிளிலை போனவள், உயிரோடை திரும்பேல்லை. முந்திப் படிப்பிக்க வந்த ரெண்டு பேரும் வெறுங் கதிரையைப் பாத்திட்டு ஓடீட்டினம். எங்களுக்கும் இவ்வளவு நாளும் அந்த ஈரம் மட்டுந்தான் தெரிஞ்சது, பிள்ளை."