தரை தொடாத சப்பரம்

தனியார் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போகும் லாரிகளை மறித்துக்கொண்டு மாதாவின் சப்பரம் நடுரோட்டில் நின்று இரண்டு மணி நேரமாகிவிட்டது. மறியல் செய்த ஆண்களை நேற்றே போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதால், இதுவரை சப்பரத்துக்குத் தோள் கொடுத்தறியாத எட்டுப் பெண்கள் சுமந்து நின்றார்கள். கோயிலை விட்டுக் கிளம்பிய சப்பரம் திரும்பிப் போகும்வரை தரையைத் தொடக்கூடாது.

“இறக்கி வச்சிட்டுப் பேசுங்கம்மா,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அங்க கல்லக் கொட்டக் கொட்ட, இங்க கடலு கரைய அரிச்சு எங்க வீட்டு வாசலுக்கு வந்தாச்சு சார். நீங்க லாரியத் திருப்புங்க, நாங்க மாதாவத் திருப்புறோம்,” என்றாள் முன்தண்டில் நின்ற பிலோமி.

காவலர் ரெஜினாளுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அவளும் ஒரு கடற்கரை ஊர்க்காரிதான். லத்தியைக் கை மாற்றினாள், சரியாக இருந்த தொப்பியை மறுபடி சரிசெய்தாள். கண் மட்டும் பின்தண்டைத் தாங்கிய பெண்ணின் நடுங்கும் முழங்காலையே சுற்றிச்சுற்றி வந்தது.

அந்த முழங்கால் மடங்கியது. பெண் சுருண்டு விழ, மாதா ஒருபக்கமாகச் சாய்ந்தாள். என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் ரெஜினாளின் தோள் தண்டுக்கு அடியில் இருந்தது. தொப்பி ரோட்டில் உருண்டது.

“என்னம்மா பண்றே? வெளிய வா!” இன்ஸ்பெக்டர் கத்தினார். முதல் லாரி உறுமியது.

பிலோமி திரும்பாமலே கேட்டாள்: “பின்னால யாருட்டி?”

ரெஜினாள் தண்டைத் தோளோடு இறுக்கிப் பிடித்தாள்.

“நான்தான்க்கா.”