முன்கதைச் சுருக்கம்

“அம்பிகா, ஒரு நிமிஷம். அந்த யாழினி யாரு?”

விஜயகுமாரி கேட்டதும் பஸ்ஸில் பாதிப் பேர் முனகினார்கள்.

அம்பிகா படிப்பதை நிறுத்திவிட்டு, போனிலிருந்து தலையைத் தூக்கினாள். “அக்கா, முதல் பாகம் முழுக்க எங்க கூடத்தான கேட்டீங்க?”

“கேட்டேன். மறந்துட்டேன்.”

“நேத்தும் இதத்தான கேட்டீங்க?”

“அதுவும் மறந்துட்டேன். கோச்சுக்காத. முதல்லேர்ந்து கொஞ்சம் சொல்லேன்.”

ஆலங்காயத்திலிருந்து ஆம்பூருக்குப் போகும் ஷூ கம்பெனி பஸ் அது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஷூவின் மேல்பாகம் தைக்கிற பெண்கள். அவர்களுக்கு சூப்பர்வைசர் அம்பிகா. போனில் வரும் தொடர்கதை ஒன்றை அவள் போகிற வழியில் உரக்கப் படிப்பாள். விண்வெளி ஸ்டேஷனில் நடக்கிற கதை. முதல் பாகம் போன மாதம் முடிந்து, இப்போது இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது.

விறுவிறுப்பான கதைதான். ஆனால் வாணியம்பாடியில் ஏறுகிறவர்கள் ஏறி, புதிதாகச் சேர்ந்த சைராவும் வந்து விஜயகுமாரி பக்கத்தில் உட்கார்ந்து, பஸ் கிளம்பினால் போதும். விஜயகுமாரிக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அம்பிகா மூச்சு விடாமல் ஒப்பித்தாள். “அது ஸ்டேஷன். தலைவர் மகிழ்நன். தேர்தல் வருது. நானோன்னா தூசியவிட சின்ன ரோபோ. முதல் பாகத்துல அது தண்ணியில கலந்து, குடிக்கறவங்க வியாதிய சரி பண்ணும். இப்ப யாரோ அத மாத்தி வெச்சிட்டாங்க. அந்தத் தண்ணி குடிச்சவங்க எல்லாம் மகிழ்நனுக்கேதான் ஓட்டுன்றாங்க. அத கண்டுபுடிக்கற டாக்டர்தான் யாழினி. போதுமா?”

“யாழினி மகிழ்நனுக்கு இன்னா வேணும்?”

“தங்கச்சி.”

“ஆங், சரி. இப்ப படி.”

பின் சீட்டிலிருந்து எழிலரசி, “அந்த நானோவ அக்கா வீட்டு டேங்க்ல கலந்துட்டாங்க போல” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். விஜயகுமாரியும் சிரித்தாள்.

அந்த வாரம் மேனேஜர் நவநீதன் அம்பிகாவைக் கூப்பிட்டார். தைத்து வருவதைச் சரிபார்க்கிற செக்கிங் டேபிளுக்கு ஒரு ஆள் வேண்டும். நாள் முழுக்க மிஷின் மிதிக்க வேண்டியதில்லை.

“விஜயகுமாரிதான சீனியர்? அவங்களப் போடலாமா?”

“தையல் சுத்தமா இருக்கும் சார். ஆனா ஞாபகசக்தி ரொம்பக் கம்மி. இன்னைக்குச் சொன்ன கதைய நாளைக்குக் கேட்டா தெரியாது. எந்த மாடலுக்கு எந்த அளவுன்னு மனசுல நிக்காது சார்.”

“அப்போ?”

“எழிலரசியப் போடலாம்.”

எழிலரசி செக்கிங்குக்குப் போனாள். அம்பிகாவுக்கு மனசு கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் சைராவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த விஜயகுமாரியின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

“அக்கா, நாந்தான் உங்க பேர் வேணாம்னு சொன்னேன். நீங்க எதையாவது மறந்து, தெச்ச மாலெல்லாம் திரும்பி வந்துட்டா உங்க மேலதான பழி விழும்? தப்பா எடுத்துக்காதீங்க.”

விஜயகுமாரி டிபன் பாக்ஸை மெல்ல மூடினாள்.

“மிஷின் மிதிச்சு மிதிச்சு முட்டி போய்ட்சு. அதான் கொஞ்சம் ஆசப்பட்டேன்” என்றாள். பிறகு, “பரவால்ல. எழிலு நல்லா பாப்பா.”

மறுநாள் காலை பஸ் வாணியம்பாடியைத் தாண்டியது.

“அம்பிகா, தேர்தல்ல யார் யார் நிக்கறாங்கன்னு ஒருவாட்டி சொல்லிடேன்.”

அம்பிகா சொன்னாள். தான் எடுத்த முடிவு சரிதான் என்று இப்போது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை, வாணியம்பாடியிலிருந்து பஸ் கிளம்பியதும் அம்பிகா தானாகவே படிப்பதை நிறுத்தினாள்.

“கேளுங்கக்கா.”

“ஒண்ணும் இல்ல. நீ படி.”

“அதிசயமா இருக்கே. யாழினி யாருன்னு தெரியுமா?”

“தெரியாம இன்னா? மகிழ்நன் தங்கச்சி. அண்ணனுக்குக் கிட்னி கெட்டுப் போனப்பதான் அவ அந்த நானோவையே கண்டுபுடிச்சா. அண்ணன் சரியானதும் ஸ்டேஷன் முழுக்க எல்லாருக்கும் குடுக்கச் சொன்னா. இப்ப அதே நானோவ வெச்சு அண்ணனே ஓட்டு வாங்கறான்னு தெரிஞ்சும் வெளிய சொல்ல முடியாம தவிக்கறா. வெள்ளிக்கிழமை அங்கதான நிறுத்தன?”

அம்பிகா எழுந்து வந்து விஜயகுமாரியின் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். “இவ்ளோ ஞாபகம் இருக்கு. அப்புறம் ஏன்க்கா தினமும் கேட்டீங்க?”

“சைரா முதல் பாகம் கேட்டதில்ல. ஒண்ணும் புரியாம முழிச்சினு இருந்தா. எல்லார் எதிர்லயும் கேக்கறதுக்குக் கூச்சம் அவளுக்கு. இன்னைக்கு அவ லீவு. அதான் கேக்கல.”

அம்பிகாவின் முகம் மாறிப்போனது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“அன்னைக்கு கேன்டீன்லயாவது இத சொல்லியிருக்கலாமேக்கா. நானே சார் கிட்ட போய் மாத்திச் சொல்லியிருப்பேனே.”

“எப்படி சொல்றது? சைராவும் பக்கத்துல உக்காந்துதான சாப்ட்டுனு இருந்தா.”