எலுமிச்சைக்கு நின்ற வேன்

ஓட்டுநர் இல்லாமல் ஓடும் கோமளாவின் தண்ணீர் கேன் வேன், போன மாதம் சந்தில் ஒரு நாய்க்குட்டியின் மேல் ஏறிவிட்டது. அது வேனுக்கே தெரியவில்லை. கேன்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சந்துக்காரர் ஒருவர் போனில் சொல்லித்தான் அவளுக்கே தெரிந்தது; அன்றிலிருந்து போனை எடுத்ததும் "எதுக்காவது அடிபட்டுச்சா?" என்றுதான் கேட்பாள்.

ஷோரூமுக்குப் புது வேன்கள் வாங்க வந்தவள், ஒவ்வொன்றின் சக்கரத்துக்கு முன்னும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தாள்.

"பூஜையை டெலிவரி அன்னைக்கு வச்சுக்கலாம் மேடம்," என்றான் விற்பனையாளன்.

ஓடவிட்டுப் பார்த்தபோது, முதல் இரண்டும் பழத்தை நசுக்கிக்கொண்டு போயின. மூன்றாவது நின்றுவிட்டது.

"செட்டிங்க மாத்திட்டா நிக்காது மேடம்."

"மாத்தாதீங்க. இதுலயே நாலு குடுங்க."

புது வேன் ஓடிய முதல் நாளே ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். "ஒங்க வண்டி நடுச்சந்துல நிக்குதும்மா. ஏதோ பந்து கெடக்கு, எடுத்தாதான் வருமாம்."

கோமளாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நிக்கட்டுங்க," என்றாள்.