தம்பியைப் பார்க்க வந்தவர்கள்

மூன்று வயது பவனேஷ், புதிதாய்ப் பிறந்த தம்பியைக் கிள்ளிவிடுவானோ என்று அம்மா ஷாமளாவுக்கு ஒரே பயம். கம்பத்தில், அந்தச் சின்னக் கிராமத்தில், ஒரு வீடு விடாமல் சொல்லிப் புலம்பியும் விட்டாள்.

அவனோ, பிள்ளை பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தான்.

"தம்பி அழவே மாட்டான் ஆன்ட்டி! பத்து விரலும் இருக்கு. எதுவும் உடையல, பாருங்க!"

வேடிக்கை பார்க்க வந்த அடுத்த வீட்டுப் பிரேமலாவே உருகிப்போனாள்.

"பொறாமையெல்லாம் ஒண்ணும் இல்லலா! என்னா பாசம் பாரு, ஷாமளா."

ஷாமளாவுக்குக் கண் கலங்கியது. மகனை அள்ளி முத்தமிட்டாள்.

பிரேமலா தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கான்."

பவனேஷ் துள்ளினான்.

"அப்ப லோரி எப்ப வரும் ஆன்ட்டி? எங்க பழைய சோபாவையும் இப்படித்தானே பார்த்துட்டு ஏத்திட்டுப் போனாங்க!"