பாதிப் பொருத்தம்

பழைய கிணற்றைத் தூர்வாரியபோது கிடைத்த தொடை எலும்பு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. எழுபது வயதுப் பெண், இறந்து நாற்பது வருடம் என்றது முதல் அறிக்கை. டி.என்.ஏ. எடுத்தேன். எங்கள் கை பட்டுக் கெட்டிருக்கிறதா என்று அறிய ஊழியர்களின் மாதிரிகளோடும் ஒப்பிடுவது வழக்கம். என்னுடையதோடு ஒவ்வொரு மரபணு இடத்திலும் சரியாகப் பாதி பொருந்தியது.

"என்னம்மா, கையுறை போட்டியா இல்லையா? வீட்லயே முதல் பட்டதாரி, வேற எப்படி இருக்கும்!" என்றார் மேலாளர். "கெட்டுப்போச்சுன்னு எழுதி மூடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் கை பட்டிருந்தா முழுசாப் பொருந்தும் சார். பாதின்னா பெத்தவ, இல்லன்னா பெத்தது. நீங்களே பண்ணிப் பாருங்க, நான் வெளிய நிக்கிறேன்."

அவரே செய்தார். அதே பாதி.

"அப்ப... உங்க அம்மாவா?" மரியாதை தானாக வந்திருந்தது.

"எங்கம்மா இப்பத்தான் போன்ல என்னைத் திட்டிட்டு வச்சாங்க."

"அப்ப... பெத்ததா? செத்து நாற்பது வருஷம் ஆச்சே!" என்றார். யாரும் உரிமை கோராத எலும்பை எண் போட்டுப் புதைத்துவிடுவார்கள். உரிமை கோரும் படிவத்தை என் பக்கம் இழுத்தேன். எனக்கு வயது இருபத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்ற கட்டத்தில் 'தாய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.